256 மில்லிவினாடிகள்

கிழக்கிந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒலியியல் ஆய்வகம். மார்ச் மாதத்து இரவு. மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி தன் நான்காம் இயலுக்குரிய அட்டவணையை அச்சிட்டு மேசைமேல் வைத்தாள். அதில் நான்கே வரிகள், நான்கு சொற்கள். அவற்றைச் சொன்னவர் சந்தாலி பேசும் மூதாட்டி ஒருவர். அச்சொற்களின் முடிவில் மூக்கின் வழியே காற்று இருமுறை வெளியேறுகிறது என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. முதல் வெளியேற்றத்துக்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளியை அதுவரை வரைபடத்தில் கண்ணால் பார்த்து ‘ஏறத்தாழ கால் வினாடி’ என்றே எழுதிவந்தாள். அன்றுதான் நிரல் கொண்டு துல்லியமாக அளந்தாள். விடை வந்தது: 256, 256, 256, 256.

மனிதர் ஒரே சொல்லை நான்கு முறை சொன்னால் நான்கு வெவ்வேறு அளவுகள் கிடைக்கும். ஒலியியல் பயில்வோர் முதல் பருவத்திலேயே அறிந்துகொள்வது இது. நான்கு வெவ்வேறு சொற்களில் ஒரே எண் வருமானால், அந்த எண் வாயிலிருந்து வந்திருக்க முடியாது. 256 என்பது இரண்டின் எட்டாம் அடுக்கு. நாக்குக்கும் குரல்வளைக்கும் அந்த எண்ணோடு எந்த உறவும் இல்லை. எட்டு பிட் மைக்ரோகன்ட்ரோலருக்கு உண்டு.

மொழியியலாளர் ஒருத்தி சி கம்பைலர்களையும் டிபக்கர்களையும் பற்றிக் கவலைப்பட நேர்ந்த கதை இது. கருவியைத் தாமே செய்துகொள்ளும் ஆய்வு மாணவர்கள் இன்று எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். மண்ணின் ஈரத்தை அளப்பவர், பறவைக் கூட்டின் வெப்பத்தைப் பதிவு செய்பவர், ஆற்றின் நீர்மட்டத்தைக் கண்காணிப்பவர் எனப் பலர். அவர்களுள் பெரும்பாலோர் நிரலாக்கத்தை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். அவளும் அப்படித்தான்.

சந்தாலியில் சொல்லின் இறுதியில் வரும் சில வல்லொலிகள் தனித்தன்மை கொண்டவை. நீரைக் குறிக்கும் ‘தாக்’ என்ற சொல்லின் கடைசி ஒலி வெடித்து முடிவதில்லை. வாய் அடைபடுகிறது, குரல்வளையும் அடைபடுகிறது, தேங்கிய காற்று பல வேளைகளில் மூக்கின் வழியே மெல்ல விடுபடுகிறது. நார்வேயிலிருந்து வந்து சந்தால் பர்கனாவில் பல்லாண்டுகள் வாழ்ந்த பி. ஓ. போடிங், 1922இல் வெளியான தம் சந்தாலி இலக்கண நூலில் இவ்வொலிகளை விரித்து எழுதியிருக்கிறார். காதால் கேட்டு அவர் எழுதியதைக் காற்றின் அழுத்தமாக அளந்து காட்டுவது அவளுடைய ஆய்வின் நோக்கம்.

அதற்கென விற்கப்படும் கருவிகள் அவளுடைய உதவித்தொகைக்கு எட்டாதவை. எனவே ஒரு முகமூடி, வாய்க்கொன்றும் மூக்குக்கொன்றுமாக இரண்டு அழுத்த உணரிகள், ஓர் எஸ்டி கார்டு, ஓர் ஆர்டுயினோ போர்டு ஆகியவற்றைக் கொண்டு தானே ஒன்றைச் செய்தாள். போர்டின் மையத்தில் இருந்தது ஏடிமெகா 328பி என்னும் சில்லு. நிரலுக்கு 32 கிலோபைட், தரவுக்கு 2 கிலோபைட். எஸ்டி கார்டில் எழுதுவதற்கான இடைநினைவகத்துக்கே அதில் 512 பைட் போய்விடும்.

எந்தக் கம்பைலரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அப்போது அவளுக்கு எழவேயில்லை. ஆர்டுயினோ மென்பொருளை நிறுவியபோது அதனுடன் ஜிசிசி வந்தது; அதுவே போதுமென்றிருந்தாள். மின்னணுவியல் துறையின் மூத்த ஆய்வாளர் ஒருவர்தான் அக்கேள்வியை முதலில் எழுப்பினார். அவர் ஐஏஆர், கெய்ல் ஆகிய விலைகொடுத்து வாங்கும் கம்பைலர்களில் பழகியவர். ‘கருவி செய்கிறவர் கம்பைலரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிடைத்ததில் எழுதக்கூடாது’ என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எதன் அடிப்படையில் தேர்ந்தெடுப்பது என்பதை அவளால் அன்று புரிந்துகொள்ள இயலவில்லை. அவர் அடுக்கிய காரணங்கள் மூன்று: உருவாகும் நிரல் சிறியதாக இருக்கும், நிறுவனத்தின் உதவி கிடைக்கும், பாதுகாப்புச் சான்றிதழ் பெற்ற பதிப்புகள் உண்டு. கார்களுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் நிரல் எழுதுவோருக்கு இவை மூன்றும் இன்றியமையாதவை. அவளுக்கு எவை இன்றியமையாதவை என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

கம்பைலரைத் தமிழில் தொகுப்பி என்கிறோம். 1952இல் கிரேஸ் ஹாப்பர் தம் ஏ-0 அமைப்பைக் கம்பைலர் என்று அழைத்தபோது அது உண்மையிலேயே தொகுப்பதைத்தான் செய்தது. நாடாவில் சேர்த்துவைத்த துணைநிரல்களை எடுத்து ஒன்றாக அடுக்கியது. இன்றைய கம்பைலரின் வேலை வேறு. அது ஒரு பனுவலை வாசிக்கிறது, பொருள் கொள்கிறது, அப்பொருளை வேறொரு மொழியில் எழுதுகிறது. எழுதியவர் மனத்தில் இருந்ததை அது அறியாது. சி மொழியின் தரநூல் எதைக் கட்டாயம் என்கிறதோ அதைக் காப்பாற்றும். தரநூல் எதைப் பற்றிப் பேசாமல் விடுகிறதோ அங்கே தன் விருப்பப்படி நடந்துகொள்ளும்.

தரநூல் பேசாமல் விடும் இடங்கள் பல. இன்ட் என்னும் முழுஎண் வகை ஏவிஆர் சில்லுகளுக்கான ஜிசிசியில் 16 பிட். ஆர்ம் கார்டெக்ஸ் சில்லுகளில் 32 பிட். சார் என்னும் வகை ஏவிஆரில் இயல்பாகவே எதிர்ம எண்களையும் ஏற்கும், ஆர்மில் ஏற்காது. ஒரே வரி, இரு வாசகர்கள், இரு பொருள்கள். ஓல் சிக்கி எழுத்தில் சந்தாலியை வாசிக்கக் கற்றவளுக்கு இது புதிதாகப் பட்டிருக்க வேண்டியதில்லை. அங்கும் சில எழுத்துகள் சொல்லின் இறுதியில் வரும்போது ஒருவகையாகவும் பிற இடங்களில் வேறுவகையாகவும் ஒலிக்கின்றன. ஆனால் மனிதர் எழுதும் மொழியில் இயல்பாகப் பார்க்கும் ஒன்றை எந்திரத்துக்கு எழுதும் மொழியில் பார்க்க அவளுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

முதல் இடறல் பயணத்துக்கு முன்பே வந்தது. ஆர்டுயினோவில் நேரத்தைச் சொல்ல மில்லிஸ் என்னும் ஆயத்தச் செயல்கூறு உண்டு. 16 மெகாஹெர்ட்ஸ் போர்டில் அதன் அடிப்படை டைமர் 1.024 மில்லிவினாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. மிச்சத்தைச் சரிக்கட்ட அவ்வப்போது ஓர் எண்ணைத் தாண்டிக் குதிக்கும். விளக்கை எரியவைக்க இது போதும். ஒலியியலுக்குப் போதாது என்று முடிவு செய்து, சரியாக மில்லிவினாடிக்கு ஒருமுறை இன்டரப்ட் எழுப்பும் டைமரைத் தானே அமைத்தாள். இன்டரப்ட் வரும்போதெல்லாம் 32 பிட் எண்ணி ஒன்று கூடும். முதன்மை நிரல் அந்த எண்ணியைப் பார்த்து நேரத்தை அறியும். எழுதி ஏற்றினாள். கருவி உறைந்துபோனது.

ஆய்வகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று இருந்தது: ஆப்டிமைசேஷனை நிறுத்திவிடு. நிறுத்தினாள். கருவி ஓடியது. ஆனால் நிரல் பெருத்து, நினைவகத்தின் எல்லையைத் தொட்டது. உணரியைத் தொடங்கும் இடத்தில் வைத்திருந்த சிறுசிறு காத்திருப்புகளும் தப்பாயின. ஏவிஆர்-லிப்சி நூலகத்தின் காத்திருப்புச் செயல்கூறுகள், ஆப்டிமைசேஷன் இயங்குகிறது என்ற அனுமானத்தின் மேல் எழுதப்பட்டவை; அது இல்லாமல் தொகுத்தால் அவை கேட்ட நேரத்தைத் தருவதில்லை. ஒரு நோயை மறைத்த மருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தது.

உண்மைக் காரணம் எளியது. எண்ணியின் மதிப்பு மாறும்வரை காத்திரு என்று அவள் எழுதியிருந்தாள். அந்தச் சுழற்சிக்குள் எண்ணியை மாற்றும் வரி எதுவும் இல்லை. எனவே கம்பைலர் ஒருமுறை பார்த்து, இனி இது மாறாது என்று முடிவு செய்து, பார்ப்பதையே விட்டுவிட்டது. இன்டரப்ட் வெளியிலிருந்து வந்து அதை மாற்றும் என்பது எழுதியவளுக்குத் தெரியும். வாசித்த கம்பைலருக்குச் சொல்லப்படவில்லை. வோலட்டைல் என்ற சொல்லை எண்ணியின் அறிவிப்பில் சேர்த்தால், ஒவ்வொரு முறையும் நினைவகத்துக்குப் போய்ப் பார்க்கும் கடமை கம்பைலருக்கு ஏற்படும். சேர்த்தாள். அளவைச் சுருக்கும் ஆப்டிமைசேஷனுடனேயே கருவி ஓடியது. கம்பைலரை வென்றுவிட்டதாக அன்று நம்பினாள்.

அதன்பின் தும்கா மாவட்டத்தின் ஊர்களில் இரண்டு குளிர்காலங்கள். ஏறத்தாழ 40 மணி நேரப் பதிவு. அதில் பாதிக்கு அருகில் அந்த மூதாட்டியுடையது. முகமூடியை அணிவதில் மற்றவர்களுக்கு இருந்த கூச்சம் அவருக்கு இல்லை. காலையில் வெயில் ஏறியதும் முற்றத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, ‘உன் பெட்டியைக் கொண்டு வா’ என்பார். சொற்பட்டியலில் உள்ள சொற்களைச் சொல்லிமுடித்து, பட்டியலில் இல்லாதவற்றையும் சொல்வார். மூன்றாம் பயணத்துக்கு அவள் தேதி குறித்திருந்தபோது அவர் மறைந்த செய்தி வந்தது.

தரவை ஆராயத் தொடங்கியது அதற்குப் பிறகு. கருவி வினாடிக்கு 500 முறை இரு உணரிகளையும் வாசித்து, ஒவ்வொரு வாசிப்புக்கும் எண்ணியின் மதிப்பை நேரமுத்திரையாக இட்டு எழுதியிருந்தது. கோப்புகளை நேரப்படி வரிசைப்படுத்தி, சம இடைவெளியில் நிரவி, இரைச்சலை வடிகட்டி வரைபடமாக்கும் நிரல் ஒன்றை அவள் எழுதிவைத்திருந்தாள். மூதாட்டியின் நான்கு சொற்களில் அந்த இரண்டாம் மூச்சு அங்கேதான் தென்பட்டது. முதல் மூச்சைவிட வலுக்குறைந்த, ஆனால் ஐயத்துக்கிடமில்லாத சிறு மேடு. மூத்த தலைமுறையின் உச்சரிப்பில் குரல்வளையும் மெல்லண்ணமும் தனித்தனியே திறக்கின்றனவோ என்று அவள் கருதுகோள் அமைத்தாள். நெறியாளர் மகிழ்ந்தார். கருத்தரங்கொன்றில் ஆய்வுச்சுருக்கம் ஏற்கப்பட்டது. மறைந்தவரின் குரலில் மட்டும் எஞ்சியிருந்த ஒன்றைக் காப்பாற்றிவிட்ட நிறைவு அவளுக்கு.

இப்போது மேசைமேல் நான்கு 256கள்.

முதலில் அவள் செய்தது, பெரும்பாலோர் செய்வதுதான்: நிரலில் ஆங்காங்கே அச்சிடும் வரிகளைச் சேர்த்தாள். எண்ணியின் மதிப்பைத் தொடர்ந்து கணினிக்கு அனுப்பி இரவு முழுவதும் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அச்சிடுதல் மெதுவான வேலை. அது சேர்ந்ததும் வாசிப்புகளின் எண்ணிக்கையும் அவற்றின் நேரமும் மாறிவிடுகின்றன. நேரத்தைச் சார்ந்த பிழையை, நேரத்தைக் குலைக்கும் கருவியால் தேடினால் அது ஒளிந்துகொள்ளும்.

மின்னணுவியல் துறையிலிருந்து வன்பொருள் டிபக்கர் ஒன்றை இரவல் பெற்றாள். இந்தச் சில்லில் டிபக்கருக்கென டிபக்வயர் என்னும் ஒற்றைக் கம்பி வழி உள்ளது. ரீசெட் காலையே அது பயன்படுத்துகிறது. அதற்காக ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஒரு செப்புத் தடத்தைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. பாட்டியின் முற்றத்தில் இருந்த அதே போர்டு. அறுக்கும்போது கை தயங்கியது. நிரலை விரும்பிய இடத்தில் நிறுத்தி மதிப்புகளைப் பார்க்க முடிந்தது. எல்லாம் சரியாகவே இருந்தன. நிறுத்தும்போது வழக்கமாக டைமரும் சேர்ந்து நின்றுவிடும். ஓடும்போது மட்டும் நிகழும் ஒன்றை, நிறுத்திப் பார்ப்பவர் காண்பது அரிது.

கடைசியில் உதவியது மிகப் பழைய வழி. கம்பைலர் எழுதித் தந்ததை வாசிப்பது. ஜிசிசியுடன் வரும் ஆப்ஜ்டம்ப் என்னும் சிறு கருவி, தொகுக்கப்பட்ட நிரலை அசெம்பிளி மொழியில் விரித்துக் காட்டும். அவள் எழுதிய ஒற்றை வரி, எண்ணியைப் பார்த்து நேரத்தை எடு என்பது. கம்பைலர் அதை நான்கு கட்டளைகளாக எழுதியிருந்தது. எட்டு பிட் சில்லால் 32 பிட் எண்ணை ஒரே மூச்சில் வாசிக்க இயலாது. ஒரு நேரத்தில் ஒரு பைட். முதலில் கடைநிலைப் பைட், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது.

கடைநிலைப் பைட் 255 ஆக இருக்கும்போது அதை வாசித்துவிட்டதாகக் கொள்வோம். அடுத்த கட்டளைக்கு முன் இன்டரப்ட் நுழைகிறது. எண்ணி 255இலிருந்து 256 ஆகிறது; அதாவது கடைநிலைப் பைட் பூஜ்யமாகி, அடுத்த பைட் ஒன்றாகிறது. நிரல் திரும்பி வந்து அடுத்த பைட்டைப் புதிய மதிப்பாக வாசிக்கிறது. பழைய 255உம் புதிய ஒன்றும் சேர்ந்து 511. ஒரு மாதிரி மட்டும் 256 மில்லிவினாடி எதிர்காலத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த மாதிரி தன் இடத்திலேயே இருக்கிறது.

வோலட்டைல் இதைத் தடுக்காது. போய்ப் பார் என்று மட்டுமே அது சொல்கிறது; இடையில் யாரையும் விடாதே என்று சொல்வதில்லை. அந்த ஒரு நுட்பத்தை அவள் எந்நாளும் கேட்டதில்லை. ஆனால் அவள் கைவிட்ட மில்லிஸுக்குள் அது இருந்தது. அதன் மூலநிரலைத் திறந்து பார்த்தாள். எண்ணியை வாசிக்கும் முன் இன்டரப்டை நிறுத்தும் வரியும், வாசித்தபின் பழைய நிலைக்கு மீட்கும் வரியும் அங்கே இருந்தன. துல்லியம் வேண்டி அவள் விட்டுவந்தபோது காவலையும் சேர்த்து விட்டு வந்திருந்தாள்.

எவ்வளவு அடிக்கடி இது நிகழும்? எண்ணி மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது 16,000 கடிகாரத் துடிப்புகளுக்கு ஒருமுறை கூடுகிறது. கடைநிலைப் பைட் நிரம்பி வழிவது 256 முறைக்கு ஒருமுறை. 40,96,000 துடிப்புகளுக்கு ஒன்று. ஆபத்தான இடைவெளி 2 துடிப்புகள். நாற்பது மணி நேரத்தில் 7 கோடியே 20 லட்சம் வாசிப்புகள். பெருக்கி வகுத்தால் ஏறத்தாழ 35 பிழைகள் வரவேண்டும். எஸ்டி கார்டிலிருந்து எடுத்த மூலக் கோப்புகளை, வரிசைப்படுத்தாமல், எழுதப்பட்ட ஒழுங்கிலேயே ஓடவிட்டு, நேரம் பின்னோக்கிச் செல்லும் இடங்களை எண்ணினாள். 37 இருந்தன.

அந்த 37இல் பெரும்பாலானவை அமைதியான பொழுதுகளில் விழுந்தவை. அவற்றால் எதுவும் மாறவில்லை. நான்கு மட்டும், மூக்கின் வழியே காற்று விடுபடும் கணத்தில் விழுந்திருந்தன. அந்தக் கணத்தின் ஒரு மாதிரி பிடுங்கப்பட்டு 256 மில்லிவினாடி தள்ளி நடப்பட்டது. அவளுடைய நிரல் நேரப்படி வரிசைப்படுத்தி, பின்னோக்கிய தாவலின் தடயத்தை அழித்தது. வடிகட்டி, ஒற்றைப் புள்ளியின் கூர்மையை மழுக்கி, மூச்சைப்போல் ஒரு மேடாக்கியது. நான்கும் மூதாட்டியுடையவையாக இருந்ததற்கும் பெரிய மர்மம் இல்லை. அதிக நேரம் பேசியவர் அவர். சொல்லின் முடிவை மூக்கின் வழியே தெளிவாக விட்டவரும் அவர்.

சோதனை நிரல் ஒன்றை எழுதி உறுதி செய்தாள். வேறெந்த வேலையும் இல்லாமல் எண்ணியை வாசித்துக்கொண்டே இருந்து, நேரம் பின்னால் போனால் ஒரு காலில் மின்னழுத்தத்தை உயர்த்தும் நிரல். மலிவான லாஜிக் அனலைசர் ஒன்றை அந்தக் காலில் மாட்டியதும் சில வினாடிகளுக்கு ஒருமுறை துடிப்பு தெரிந்தது. பிறகு ஏவிஆர்-லிப்சியில் ஆயத்தமாக உள்ள அட்டாமிக் பிளாக் அமைப்புக்குள் அந்த ஒரு வரியை வைத்தாள். இரவு முழுவதும் ஓடவிட்டாள். ஒரு துடிப்பும் இல்லை.

மின்னணுவியல் துறை மூத்தவரிடம் சொன்னபோது அவர் இரண்டு யோசனைகள் தந்தார். ஒன்று, கம்பைலரை மாற்றுவது. அவளுக்கும் முதலில் கம்பைலர்மேல்தான் ஐயம். அந்த ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதும் அன்று. யூட்டா பல்கலைக்கழகத்தின் எரிக் ஐடும் ஜான் ரெகரும் 2008இல் 13 கம்பைலர்களைச் சோதித்து, வோலட்டைல் மாறிகளைக் கையாள்வதில் ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் தவறியதைக் காட்டினார்கள். ரெகரின் குழு 2011இல் விவரித்த சிஸ்மித் என்னும் சோதனைக் கருவி, அதுவரை அறியப்படாத 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கம்பைலர்களில் கண்டெடுத்தது. விலைகொடுத்து வாங்கியவையும் இலவசமானவையும் இதில் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் இந்த வழக்கில் கம்பைலர் குற்றமற்றது. ஏவிஆர் சில்லுக்கு எழுதப்பட்ட எந்தக் கம்பைலரும் நான்கு பைட்டுகளை நான்கு முறையாகத்தான் வாசிக்கும். ஏவிஆரின் கட்டளைத் தொகுதியை வடிவமைத்தபோது அதன் நார்வே நாட்டுப் படைப்பாளர்கள் ஐஏஆர் நிறுவனத்தின் கம்பைலர் வல்லுநர்களைக் கலந்து, சி மொழிக்கு ஏற்பத் திருத்தினார்கள். அப்படிப் பிறந்த சில்லாலும் எட்டு பிட்டின் எல்லையைத் தாண்ட முடியாது.

இரண்டாம் யோசனை, 32 பிட் ஆர்ம் சில்லுக்கு மாறுவது. அங்கே இந்த எண்ணியை ஒரே கட்டளையில் வாசிக்கலாம்; பிழை தானாகவே மறையும். அவள் ஒருகணம் ஆசைப்பட்டாள். பின்னர் அதில் உள்ள பொறி தெரிந்தது. நிரலில் தவறு அப்படியே இருக்க, அதன் விளைவு மட்டும் மறையும். நாளை யாரேனும் எண்ணியை 64 பிட்டாக மாற்றினால் அது திரும்பி வரும். அன்றைக்கு அது 256 என்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது.

ஆயினும் அடுத்த கருவிக்கு ஆர்மையே தேர்ந்தெடுத்தாள். காரணம் வேறு. கார்டெக்ஸ்-எம்3 சில்லில் இரண்டே கம்பிகளின் வழியே டிபக்கரை இணைக்கலாம். எந்தத் தடத்தையும் அறுக்க வேண்டாம். ஆறு கட்டளை நிறுத்தங்களைச் சில்லே தாங்கும். ஒரு குறிப்பிட்ட நினைவக முகவரியை யார் எப்போது மாற்றுகிறார் என்று காவல் வைக்க நான்கு கண்காணிப்பிகளும் உண்டு. நிரலை நிறுத்தாமலேயே செய்திகளை வெளியே அனுப்பும் வழியும் உண்டு. அதற்கான மென்பொருளாகிய ஓப்பன்ஓசிடி, 2005இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கில் டொமினிக் ராத் என்ற மாணவர் தம் பட்ட ஆய்வேட்டுக்காக எழுதத் தொடங்கியது. ஒரு மாணவரின் ஆய்வேடு பிற மாணவர்களின் கருவியானதை அவள் குறித்துவைத்துக்கொண்டாள்.

கம்பைலரில் ஜிசிசியையே வைத்துக்கொண்டாள். இம்முறை கிடைத்ததால் அன்று. கெய்லின் மதிப்பீட்டுப் பதிப்பு அப்போது 32 கிலோபைட்டோடு நின்றுவிட்டது. துறை வாங்கிய உரிமம் ஒரு கணினிக்கு மட்டும். அவள் பட்டம் பெற்று வெளியேறும் நாளில் அவளுக்கு அது இல்லை. பத்தாண்டு கழித்து ஒருவர் அவளுடைய முடிவை ஐயுற்றால், அதே கம்பைலரின் அதே பதிப்பைக் கொண்டு அதே நிரலைத் தொகுத்துப் பார்க்க அவருக்கு இயல வேண்டும். மூலநிரலோடு காப்பகத்தில் வைக்கக்கூடிய கம்பைலர் அதற்குத் தேவை. அளவுக்கருவியின் நிரலும் சான்றின் ஒரு பகுதிதான் என்று உணர்ந்தபின் தேர்வு எளிதாயிற்று.

களப்பணியின் பழக்கம் ஒன்றையும் அதனோடு சேர்த்துக்கொண்டாள். ஒரு சொல்லின் பொருளை ஒரே பேச்சாளரிடம் கேட்டு எழுதுவதில்லை. குறைந்தது இருவரிடம் கேட்பது வழக்கம். கணக்கிடும் பகுதிகளை வன்பொருளைத் தொடும் பகுதிகளிலிருந்து பிரித்து, அவற்றை மேசைக் கணினியில் ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டிலும் எல்லா எச்சரிக்கைகளையும் திறந்துவைத்துத் தொகுக்கிறாள். தரநூல் வரையறுக்காத செயல்களைப் பிடிக்கும் சோதனையுடன் ஓடவிடுகிறாள். இருவரும் ஒத்துச் சொன்னால் உண்மை என்று பொருளில்லை. மாறிச் சொன்னால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்பு ஒரு கடினமான காலை இருந்தது. அட்டவணையையும் அசெம்பிளிப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு நெறியாளரின் அறைக்குச் சென்றாள். அவர் நெடுநேரம் பார்த்தார்.

‘இந்த நான்கு சொற்களை மட்டும் நீக்கிவிட்டால் போதாதா?’

‘இந்த நான்கு சொற்கள்தான் அந்தப் பகுதியே, மேடம்.’

‘கருத்தரங்குக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.’

‘தெரியும், மேடம்.’

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ‘சுருக்கத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை இன்றே எழுதிவிடுங்கள். காரணத்தையும் எழுதுங்கள். வெறுமனே தவிர்க்க இயலாத சூழல் என்று எழுத வேண்டாம்.’

எழுதினாள். நான்காம் இயலில் பதினொரு பக்கங்கள் குறைந்தன. அந்த இடத்தில் பின்னிணைப்பு ஒன்று சேர்ந்தது. எந்தச் சில்லு, எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்தெந்தத் தெரிவுகள், பிழை எப்படி நுழைந்தது, எப்படிக் கண்டறியப்பட்டது, 37 மாதிரிகள் எவை. மூலக் கோப்புகளை எழுதப்பட்ட ஒழுங்கிலேயே அழிக்காமல் வைத்திருந்ததால்தான் இவ்வளவும் இயன்றது என்பதையும் அதில் எழுதினாள். மொழியியல் ஆய்வேட்டில் அசெம்பிளி எதற்கு என்று வாய்மொழித் தேர்வில் கேட்கப்படலாம். அதற்கு அவளிடம் விடை இருக்கிறது.

பதிவுகள் பாழாகவில்லை. 37 மாதிரிகளின் நேரமுத்திரையில் 256ஐக் கழித்தால் அவை தம் இடத்துக்குத் திரும்புகின்றன. திருத்திய கோப்பில் மூதாட்டியின் அந்த நான்கு சொற்களையும் அவள் மீண்டும் வரைந்து பார்த்தாள். இரண்டாம் மூச்சு இல்லை. வாய் அடைபடுகிறது, குரல்வளை அடைபடுகிறது, சற்று நேரத்தில் மூக்கின் வழியே காற்று ஒருமுறை விடுபடுகிறது. ஊரில் மற்றவர்கள் சொல்வது போலவே அவரும் சொல்லியிருந்தார்.